அஞ்சல் மூட்டையின் தயவில் பறக்கும் ஊர்கள்

பெத்தல் விமான நிலையத்தின் நீளமான ஓடுபாதை 6,400 அடி. தார் போட்டது. அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து வரும் போயிங் 737 அதில் தாராளமாக இறங்கும். பக்கத்திலேயே இணையாக 4,000 அடியில் இன்னொரு தார்ப் பாதை, குறுக்கே 1,850 அடி அளவில் ஒரு சரளைப் பாதை. கட்டுப்பாட்டுக் கோபுரமும் உண்டு. அலாஸ்காவின் மேற்கு மூலையில் 6,300 பேர் மட்டுமே வாழும் ஓர் ஊருக்கு இதெல்லாம் அதிகம் என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பெத்தலின் தலைகளை மட்டும் எண்ணுகிறார்கள். அந்த நிலையம் வேலை செய்வது, அதைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்காக.

யூக்கோன், கஸ்கோக்விம் என்ற இரண்டு ஆறுகள் பேரிங் கடலில் கலக்குமுன் உருவாக்கிய டெல்டா அது. பரப்பில் ஏறத்தாழ தமிழ்நாடு அளவு. மக்கள் தொகையோ 25,000 அளவில். பெரும்பாலோர் யூப்பிக் என்ற பூர்வகுடி மக்கள். ஆங்கரேஜ் கிழக்கே 640 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து இங்கே வர சாலை கிடையாது. கிராமத்துக்கும் கிராமத்துக்கும் நடுவிலும் சாலை கிடையாது. இருப்பதெல்லாம் சதுப்பு, குளம், ஆறு, அடியில் நிரந்தரமாக உறைந்த மண்.

கோடையில் ஆற்றில் படகு ஓடும். எரிபொருளும் கட்டுமானப் பொருளும் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகில் வரும். நடுக்குளிர்காலத்தில் ஆறு கெட்டியாக உறைந்ததும் ஸ்னோமொபைல் ஓடும். கஸ்கோக்விம் மீது பனியைத் தள்ளிச் சாலையே போட்டு லாரி ஓட்டுவார்கள். சிக்கல் இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே. வசந்தத்தில் பனி உடையும் வாரங்களிலும் இலையுதிர் காலத்தில் ஆறு உறையத் தொடங்கும் வாரங்களிலும் தண்ணீரில் படகும் போகாது, பனிமேல் வண்டியும் போகாது. அப்போது விமானம் மட்டுமே வழி. அந்த வாரங்களில்தான் மூடுபனியும் உறைதூறலும் மிகுதி என்பது இந்த நிலத்தின் குணம்.

பெத்தலுக்கு வந்து போகும் விமானங்கள் இரண்டு சாதி. ஆங்கரேஜ் பக்கமிருந்து வருபவை பெரியவை: பயணிகளை ஏற்றும் 737, சரக்கு 737, சில சமயம் ஹெர்குலிஸ், இன்றும் ஓய்வு பெறாத டிசி-6. முன்பு அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737-400 விமானத்தை நடுவில் தடுத்து, முன்பாதியில் நான்கு பாலெட் (சரக்கு அடுக்கும் தட்டு) சரக்கும் பின்பாதியில் 72 பயணிகளுமாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஊரின் தேவைக்கு அச்சாகப் பொருந்திய அந்த ஏற்பாடு 2017 அக்டோபரில் முடிந்தது. இப்போது பயணி தனி, சரக்கு தனி.

பெத்தலிலிருந்து கிராமங்களுக்குப் போகும் சாதி வேறு. செஸ்னா 207, செஸ்னா 208பி காரவான், சரக்குக்கு மட்டும் பின்கதவு இறங்கும் காசா 212. ஒரே விமான நிலையம் என்றாலும் ஒரே கட்டடம் இல்லை. ஒவ்வொரு சிறு நிறுவனத்துக்கும் தனிக் கொட்டகை, தனிக் கவுண்டர். 737-இல் வந்து இறங்கியவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்துத்தான் அடுத்த கவுண்டருக்குப் போக வேண்டும். தலைக்கு இத்தனை டாக்சி என்று பார்த்தால் அமெரிக்காவிலேயே இந்த ஊருக்கு ஈடில்லை என்று பெயர் வாங்கியது சும்மா இல்லை. ஓட்டுபவர்களில் அல்பேனியரும் கொரியரும் நிறைய. கிராமத்துக்குப் போகும் சிறு விமானத்தில் ஏறப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. ஆங்கரேஜுக்கு ஏறினால்தான் வரிசை, தட்டு, கருவி எல்லாம்.

இனி, காசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். சில நூறு பேர் வாழும் கிராமத்துக்கு நாள்தோறும் விமானம் போகிறது. பயணச்சீட்டுக் கட்டணம் மட்டும் அதைத் தாங்காது. தாங்குவது அஞ்சல்.

அலாஸ்காவுக்கு மட்டும் அமெரிக்க அஞ்சல் துறையில் 'பைபாஸ் மெயில்' என்று ஒரு வகை உண்டு. கிராமத்துக் கடைக்காரர் ஆங்கரேஜ் மொத்த வியாபாரியிடம் ஆர்டர் போடுவார். வியாபாரி மாவு, டயப்பர், சிப்ஸ், சோடா, டப்பா உணவு ஆகியவற்றை பாலெட்டில் அடுக்கி பிளாஸ்டிக் சுற்றி, அஞ்சல் நிலையத்துக்கே கொண்டுபோகாமல் நேராக விமான நிறுவனத்தின் கிடங்கில் கொடுப்பார். ஓர் ஆர்டர் குறைந்தது 1,000 பவுண்டு, அதாவது சுமார் 454 கிலோ இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் 70 பவுண்டைத் தாண்டக் கூடாது. சட்டப்படி அது பார்சல். அஞ்சல் ஊழியர் கை அதில் படுவதே இல்லை. பெரிய விமானம் அதைப் பெத்தலுக்கு எடுத்து வரும், சிறு விமானம் கிராமத்துக்கு எடுத்துப் போகும். இரண்டு கட்டத்துக்கும் விமான நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பது அஞ்சல் துறை. கடைக்காரர் கட்டுவது தரைவழிப் பார்சல் கட்டணம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அஞ்சல் துறையின் நஷ்டம். ஆண்டுக்குப் பல கோடி டாலர்.

வாஷிங்டனில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது எழுந்து, 'சோடா பாட்டிலை விமானத்தில் அனுப்பவா அஞ்சல் துறை?' என்று கேட்பார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த சோடாவை இறக்கிவிட்டால் அதே விமானத்தில் பயணி இருக்கைக்கும் ஆயுள் முடிந்துவிடும். 2002-இல் வந்த ஊரகச் சேவை மேம்பாட்டுச் சட்டம் இந்த முடிச்சை வெளிப்படையாகவே போட்டது. அதுவரை பயணியை ஏற்றாமல் அஞ்சலை மட்டும் தூக்கிப் பிழைத்த நிறுவனங்கள் பல. ஆளையும் ஏற்றுபவருக்கே அஞ்சலில் பெரும்பங்கு என்று சட்டம் ஆக்கியது. சோடாவுக்குக் கொடுக்கும் மானியம் என்று சொல்வதைவிட, சோடா வழியாக இருக்கைக்குக் கொடுக்கும் மானியம் என்று சொல்வது சரி. நேராக இருக்கைக்கே கொடுத்தால் கணக்கு தெளிவாக இருக்குமே என்றால், இருக்கும். ஆனால் அந்தத் தெளிவான தொகையை வருடா வருடம் பட்ஜெட்டில் போராடி வாங்க வேண்டும்.

பெத்தல் கிடங்கில் பாலெட் வந்து சேர்ந்ததும் வேலை தொடங்குகிறது. காரவானின் பக்கக் கதவில் முழுப் பாலெட்டை அப்படியே ஏற்ற வழியில்லை. பிளாஸ்டிக்கைக் கிழித்து, பெட்டி பெட்டியாகக் கையால் பிரித்து, இரண்டு மூன்று விமானங்களுக்குப் பங்கு போடுவார்கள். இங்கேதான் அனுபவசாலிக்கும் புதியவருக்கும் வித்தியாசம் தெரியும். சோடா எடையில் முடியும், சிப்ஸ் இடத்தில் முடியும். சோடாவை மட்டும் ஏற்றினால் பாதி விமானம் காலியாக இருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும். சிப்ஸும் டயப்பரும் மட்டும் என்றால் கூரை வரை அடைத்தும் எடை மிச்சம். இரண்டையும் கலந்து ஏற்றுபவரே நல்ல ஆள். குளிர்காலத்தில் வாழைப்பழமும் முட்டையும் சூடில்லாத தரையில் அரை மணி நேரம் கிடந்தால் கிராமத்துக்குப் போய்ச் சேர்வது கறுத்த பழமும் வெடித்த முட்டையும்தான். பங்கு போட்டதில் இன்னொரு தொல்லை: ஆர்டரின் ஒரு பாதி இன்று போகும், மறுபாதி வானிலை விட்டால் நாளைக்கு, இல்லாவிட்டால் அடுத்த வாரம். கடைக்காரர் ரசீதைச் சரிபார்க்க முடியாமல் திண்டாடுவார்.

எடைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் இந்தத் தொழில் எவ்வளவு நெருக்கடியில் நடக்கிறது என்று புரியும். 208பி காரவானின் உச்சப் புறப்பாட்டு எடை 8,750 பவுண்டு, 3,969 கிலோ. இருக்கை, வயிற்றுச் சரக்குப் பெட்டி, இறக்கைப் பனி நீக்கும் ரப்பர் பட்டைகள் எல்லாம் சேர்த்து வெற்று விமானம் சுமார் 2,350 கிலோ. மிச்சம் 1,620. விமானிக்கு 90. மணிக்கு ஏறக்குறைய 170 கிலோ எரிபொருள் குடிக்கும். ஒரு மணி நேரச் சுற்று, சட்டப்படி பகலில் வைக்க வேண்டிய அரைமணி இருப்பு, அதற்கு மேல் விமானியின் மன நிம்மதிக்கு ஒரு கையிருப்பு என்று 350 கிலோ. மிச்சம் 1,180. ஒன்பது பயணிகள், குளிர் உடையோடு தலைக்கு 95 கிலோ என்றால் 855. கடைசியில் பைகளுக்கும் அஞ்சலுக்கும் 325 கிலோ. பனி படியும் வானிலை என்றால் அனுமதிக்கப்படும் எடை இன்னும் குறையும்.

அதனால்தான் கவுண்டரில் பையோடு சேர்த்துப் பயணியையும் எடை போடுகிறார்கள். சராசரி எடை என்ற வசதி பெரிய விமானத்துக்கு. ஒன்பது பேரில் நான்கு பேர் பருமனாக இருந்தாலே இங்கே கணக்கு உடைந்துவிடும். எடையை எங்கே வைப்பது என்பதும் அதே அளவு முக்கியம். பின்கதவோரமாகக் குவித்தால் எடை மையம் பின்னுக்குத் தள்ளி, வேகம் குறையும்போது மூக்கு தானே மேலே ஏறும். சரக்கு வலையைச் சரியாகக் கட்டாமல் விட்டால் குலுங்கும் காற்றில் பெட்டிகளே இடம் மாறும்.

செஸ்னா 207-க்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 3,800 பவுண்டு உச்ச எடை, 300 குதிரைச் சக்தி, ஒரே பிஸ்டன் இயந்திரம். தயாரிப்பு 1984-இல் நின்றுபோனது, அதனால் பறப்பவை எல்லாம் நாற்பதைத் தாண்டியவை. கடும் குளிரில் சூடேற்றாமல் கிளப்பினால் எண்ணெய் கெட்டிப்பட்டு இயந்திரம் தேயும். எனவே இரவெல்லாம் மூடிபோட்டு, ஹீட்டர் வைத்துக் காப்பாற்றுவார்கள். இருந்தும் அதை விடமாட்டேன் என்கிறார்கள், காரணம் உண்டு. மூன்று பயணியும் கொஞ்சம் அஞ்சலும் மட்டும் உள்ள கிராமத்துக்கு டர்பைன் காரவானை ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஆள் சேர்ந்ததும் கிளம்பும் ஷேர் ஆட்டோவைப் போல, இன்று எந்த ஊருக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வண்டியைத் தீர்மானிக்கும் தொழில் இது.

இந்தத் தொழிலில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இயந்திரக் கோளாறு அல்ல. கண்ணுக்குத் தெரியாத தரை.

குளிர்காலத்தில் டெல்டா முழுவதும் வெள்ளை. வானம் மேகம் மூடி வெள்ளை. தொடுவானம் மறைந்துவிடும். மரமோ கட்டடமோ இல்லாத நிலத்தில் விமானி எவ்வளவு உயரத்தில் பறக்கிறார் என்று கண்ணால் சொல்லவே முடியாது. இங்கே பெரும்பாலான கிராமப் பயணங்கள் விஎஃப்ஆர், அதாவது வெளியே பார்த்து ஓட்டும் முறை. பகலில் தரைக்கு மேல் 500 அடி வரை இறங்கிப் பறக்கச் சட்டம் விடுகிறது. மேகத்தளம் 1,000 அடிக்குக் கீழே இருந்தால் இரண்டு மைல் தூரம் தெரிய வேண்டும். மேகம் தாழத் தாழ விமானியும் தாழ்வார். திரும்பிப் போக வேண்டிய இடம் எது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதவர், ஒரு கட்டத்தில் மேகத்துக்குள் இருப்பார்.

பெத்தல் நிலையத்திலேயே மேகத்தளம் 1,000 அடிக்கோ தெரிவுதூரம் மூன்று மைலுக்கோ கீழே போனால் கோபுரத்தின் சிறப்பு அனுமதி இல்லாமல் விஎஃப்ஆர் விமானம் உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது. ஒரு மைல் தெரிந்து, மேகத்தைத் தொடாமல் பறக்க முடிந்தால் அனுமதி உண்டு, ஆனால் இடைவெளி வைத்துத்தான் விடுவார்கள். காலையில் மூடுபனி என்றால் கிளம்பக் காத்திருக்கும் சிறு விமானங்கள் தரையில் வரிசை, வந்து சேர்ந்தவை எல்லைக்கு வெளியே வட்டம். நடுவில் ஆங்கரேஜ் 737 கருவி வழியாக இறங்க வந்தால் அதற்கே முதலிடம். மதியத்துக்குள் அன்றைய அட்டவணை சாம்பார் ஆகிவிடும்.

1999-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 'கேப்ஸ்டோன்' என்ற திட்டத்தை இதே டெல்டாவில் தொடங்கியது. தாழப் பறக்கும் விமானங்கள் ராடாருக்குத் தெரியாத இடம் இது. எனவே ஒவ்வொரு விமானமும் ஜிபிஎஸ்ஸில் தன் இடத்தைத் தானே கணித்து ரேடியோவில் அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவியைப் பொருத்தினார்கள். விமானிக்கு முன்னால் நிலப்படம், அதில் மேடு பள்ளம், பக்கத்து விமானம், வானிலை. 2001 முதல் பெத்தல் சுற்றுவட்டாரத்தில் கட்டுப்பாட்டாளர்கள் ராடாரைப் போலவே அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கருவி பொருத்திய விமானங்களின் விபத்து விகிதம் 47 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டார்கள். 2020 ஜனவரி முதல் அமெரிக்காவின் பெரும்பாலான வான்பகுதியில் கட்டாயமான தொழில்நுட்பம் முதலில் நிரூபிக்கப்பட்ட இடம் இந்தச் சதுப்பு நிலம்தான். டல்லஸ், சிகாகோ விமானிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகமே.

ஆனால் கருவி இருப்பதும் கருவியைக் கேட்பதும் வேறு வேறு. 2016 அக்டோபர் 2 அன்று பெத்தலிலிருந்து கிளம்பிய ஒரு காரவான், க்வின்ஹகக் கிராமத்தில் நின்றுவிட்டு டோகியாக் போகும் வழியில் மலைமுகட்டில் மோதியது. இரண்டு விமானிகளும் ஒரே பயணியும் இறந்தார்கள். விமானத்தில் தரை எச்சரிக்கைக் கருவி இருந்தது, வேலையும் செய்தது. சிக்கல் இதுதான்: அந்த வகைக் கருவி, வழியில் பறக்கும்போது தரையிலிருந்து 700 அடி இடைவெளியை எதிர்பார்க்கும். சட்டமும் நிறுவனமும் 500 அடியில் பறக்க விடுகின்றன. அப்படியென்றால் விதிப்படி பறக்கும் விமானியின் காதிலும் கருவி ஓயாமல் கத்தும். அதற்கென்றே அணைக்கும் விசை ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டுப் பறப்பது வழக்கமாகிப் போனது. உண்மையான மலை வந்த நாளில் கருவி வாயடைத்து இருந்தது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை விமானிகள் மேகத்துக்குள் தொடர்ந்ததைக் குற்றம் சொன்னது, கூடவே இந்த விசைப் பழக்கத்தையும் விரிவாக எழுதியது. விமானியின் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் இதைப் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார். பொய்யாக நூறு முறை கத்தும் கருவியை மனிதர் அணைப்பார் என்பது கருவியை வடிவமைத்தவருக்கும், 500 அடிக்கு அனுமதி எழுதியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பனிப்படிவு இன்னொரு எதிரி. கடலோரத்தில் உறைநிலைக்குச் சற்றுக் கீழே தூறல் விழும் நாட்களில், துளி இறக்கையில் பட்டதும் உறையும். காரவானுக்கு நிலையான சக்கரக் கால்கள், இறக்கைத் தாங்கி, வயிற்றுப் பெட்டி என்று பனி ஒட்டிக்கொள்ள இடம் நிறைய. முன்விளிம்பில் உள்ள ரப்பர் பட்டை காற்றடைத்து உப்பி அங்குள்ள பனியை உடைக்கும், மற்ற இடத்துப் பனியை ஒன்றும் செய்யாது. பல விபத்துகளுக்குப் பிறகு விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆணைகள் போட்டது: குளிரில் கிளம்புமுன் இறக்கையையும் வால் பகுதியையும் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், மிதமான பனிப்படிவுக்குள் தொடர்ந்து பறக்கக் கூடாது. தெளிவான பனி ஈரம் போலத்தான் தெரியும். கையுறையைக் கழற்றித் தடவினால்தான் சொரசொரப்பு தட்டுப்படும். மைனஸ் இருபது டிகிரியில் இதை ஒழுங்காகச் செய்யும் விமானியை நிறுவனங்கள் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வெளியே பார்த்து ஓட்டுவதை விட்டுவிட்டு, கருவி வழியாகவே கிராமத்துக்குப் போகலாமே என்று தோன்றும். ஜிபிஎஸ் வழி இறங்குமுறை பல கிராமங்களுக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கேதான் ஒரு சாதாரணத் தொலைபேசி இணைப்பு குறுக்கே நிற்கிறது. வணிகப் பயணத்தில் கருவி வழி இறங்கத் தொடங்க, பொதுவாக இறங்குமிடத்தின் அந்த நேரத்து வானிலை அறிக்கை வேண்டும். கிராமத்து ஓடுபாதையோரம் தானியங்கி வானிலைக் கம்பம் இருக்கும். காற்று, மேகத்தளம், தெரிவுதூரம், அழுத்தம் எல்லாம் அளந்து ரேடியோவில் பேசும். ஆனால் அந்த அளவு நாட்டின் வலையமைப்புக்குப் போய்ச் சேர வேண்டிய தொலைத்தொடர்பு அறுந்துவிட்டால், கருவி நன்றாக அளந்துகொண்டிருந்தும் பெத்தலில் விமானங்களை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் அறைக்கு அது ஊமை. சென்சார் பழுதானால் கதை இன்னும் நீளும். பழுது பார்ப்பவரும் விமானத்தில்தான் போக வேண்டும், அந்த விமானம் போக வானிலை அறிக்கை வேண்டும்.

இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தவை வானிலைக் கேமராக்கள். 1999-இல் தொடங்கிய திட்டம், இன்று அலாஸ்காவில் மட்டும் 230-க்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம், பக்கத்திலேயே அதே இடத்தின் தெளிவான நாளின் படம், தெரியும் குன்றுகளுக்கு எத்தனை மைல் என்று குறிப்பு. இரண்டையும் ஒப்பிட்டால் தூரம் தானே தெரிந்துவிடும். இது முழு வானிலை அறிக்கைக்குச் சமமாகாது. ஆனால் கிளம்பிப் போய்த் திரும்பி வரும் வீண் பயணத்தைத் தவிர்க்க இதைவிட மலிவான வழி இல்லை. இவ்வளவுக்குப் பிறகும், 2008 முதல் 2017 வரையிலான கணக்கில் அலாஸ்காவின் விபத்து விகிதம் மற்ற மாநிலங்களைவிட 2.35 மடங்கு என்று அதே பாதுகாப்பு வாரியம் 2020-இல் எழுதியது. உயிர்ச்சேத விபத்து 1.34 மடங்கு.

பெத்தலின் தார்ப் பாதையைப் பராமரிக்க மாநில அரசின் ஆட்களும் இயந்திரங்களும் இருக்கிறார்கள். மறுமுனைக்கு வாருங்கள். கிராமத்து ஓடுபாதை பெரும்பாலும் 3,000 அடிக்குச் சற்று மேலே, சரளை. அந்த டெல்டாவின் மண் வண்டல், அதில் கல்லே கிடையாது. ஓடுபாதைக்கான சரளையைத் தொலைவிலிருந்து கோடையில் பார்ஜில் கொண்டுவர வேண்டும். விமானம் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரளை பறந்துபோகும். புழுதி அடங்கக் கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள். விமானி ஓரிடத்தில் நின்று இயந்திரத்தை முழுவேகத்தில் சுழற்ற மாட்டார். சுழற்றினால் கல் எழும்பி உந்துவிசிறியைக் கொத்தும். உருண்டுகொண்டே வேகம் கூட்டுவதுதான் பழக்கம்.

வசந்தத்தில் மேல்மண் இளகிச் சேறாகும். அதற்கும் அடியில் உறைமண். மேட்டிட்ட சரளை வெயிலை உறிஞ்சிக் கீழே சூட்டை இறக்க, உறைமண் உருகி ஓடுபாதை அலை அலையாக அமிழும். மழைநீர் அந்தப் பள்ளத்தில் தங்கி இன்னும் உருக்கும். கட்டும்போதே அடியில் காப்புப் பலகை வைத்திருந்தால் தப்பிக்கும், பழைய பாதைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே மறுபடி மறுபடி மண்ணைச் சமன்படுத்தும் கிரேடர் ஓட்டி, நடுமுதுகு உயர்ந்து இருபக்கம் நீர் வடியும்படி சீர் செய்ய வேண்டும்.

இதைச் செய்பவர் ஒருவர். ஊர்க்காரர், மாநில அரசோடு ஒப்பந்தம். அவரிடம் ஒரு கிரேடரோ லோடரோ, அதை நிறுத்த ஒரு கொட்டகை. பல கிராம விமான நிலையங்களில் இருக்கும் ஒரே கட்டடம் அந்தக் கொட்டகைதான். பயணிகள் கூடம் என்று ஒன்று இல்லை. விமானம் இறங்குவதற்குச் சற்று முன் நிறுவனத்தின் உள்ளூர் ஏஜென்ட் ஏடிவி வண்டியில் இழுவைப் பெட்டி மாட்டிக்கொண்டு வருவார். பையும் பாலும் அஞ்சலும் அதில் ஏறும். பனி பெய்த காலையில் பராமரிப்பவர் காய்ச்சலில் படுத்திருந்தாலோ ஆண் மான் வேட்டைக்குப் போயிருந்தாலோ பாதை தள்ளப்படாது. லோடரின் ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்தால் மாற்றுக் குழாய் வருவதும் அந்தப் பாதை வழியாகத்தான்.

இரவு நோயாளிக்கு இது உயிர் விஷயம். கிராமத்தில் மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சுகாதார உதவியாளர் இருக்கிறார், அலாஸ்காவின் கிராமங்களில் 1960-களிலிருந்து நடைபெறும் ஏற்பாடு. அவர் பெத்தல் மருத்துவமனையில் உள்ள மருத்துவரிடம் பேசி, அங்கே முடிவானால் மருத்துவ விமானம் கிளம்பும். ஓடுபாதை விளக்குகள் எப்போதும் எரிவதில்லை. வரும் விமானி உள்ளூர் அலைவரிசையில் மைக் பொத்தானை ஐந்து நொடிக்குள் ஏழு முறை அழுத்தினால் முழு ஒளி, ஐந்து முறை நடுத்தரம், மூன்று முறை மங்கல். பதினைந்து நிமிடம் எரிந்து அணையும். பனி தள்ளும்போது லோடரின் அலகு விளக்குகளை உடைப்பது சகஜம். வரிசையாக நாலைந்து போய்விட்டால் இரவில் பாதை மூடியதாகவே கணக்கு. பிரசவ வலியில் இருப்பவர் விடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனாலேயே பிரசவத் தேதிக்குச் சில வாரம் முன்பே கர்ப்பிணிகளைப் பெத்தலுக்கு வரவழைத்துத் தங்கவைக்கிறார்கள். விமானம் கிடைக்குமா என்ற கேள்வியைப் பிரசவத்திலிருந்து பிரித்தெடுக்கும் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

2020 ஏப்ரல் 5 அன்று இந்த வலையில் பெரிய கிழிசல் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அலாஸ்கா ஊர்களுக்குப் பறந்த ராவன் குழுமம், பெருந்தொற்றில் பயணிகள் அறவே குறைந்ததால் தன் 72 விமானங்களையும் நிறுத்தித் திவால் பாதுகாப்பு கேட்டது. டெல்டாவின் பல கிராமங்களுக்கு அது முக்கிய நிறுவனமாக இருந்தது. அஞ்சல் தேங்கியது, கடை அலமாரிகள் காலியாகத் தொடங்கின. கிராண்ட், யூட், ரையன் ஆகிய மற்ற நிறுவனங்கள் சில நாட்களில் தடங்களை எடுத்துக்கொண்டன. எப்படி முடிந்தது என்றால், பயணி இல்லாவிட்டாலும் அஞ்சல் இருந்தது. ஓட்டினால் காசு நிச்சயம் என்று தெரிந்ததால் புதிதாக விமானத்தையும் விமானியையும் திருப்பிவிட அவர்களால் முடிந்தது. பைபாஸ் மெயிலைக் கேலி செய்பவர்கள் அந்த ஏப்ரல் மாதத்தைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. அதே ஆண்டு டிசம்பரில் தடுப்பூசி வந்தபோது, டெல்டாவின் சுகாதார நிறுவனம் சிறு விமானங்களை வாடகைக்கு அமர்த்திக் கிராமம் கிராமமாக ஊசியைக் கொண்டு சேர்த்தது.

2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் கடலோரக் கிராமங்களான கிப்னக், க்விகில்லிங்கொக் மீது மோதி வீடுகளைப் பெயர்த்து மிதக்கவிட்டது. மக்களை ஹெலிகாப்டர்களிலும் சிறு விமானங்களிலும் பெத்தலுக்குக் கொண்டுவந்தார்கள். பெத்தலின் தங்குமிடம் நிரம்பியதும் அங்கிருந்து ராணுவத்தின் சி-17 விமானத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆங்கரேஜ் போனார்கள். அந்தக் கனத்தை இறக்கி ஏற்றியது அதே 6,400 அடி தார்ப் பாதைதான்.